பின்னட்டையில் ஒரு முகவரி

நடுவர் ஐயா அவர்களே, எங்களையெல்லாம் எண்பதுகளுக்குக் கூட்டிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, திரும்பி வர வண்டி ஏற்பாடு செய்யாமல் உட்கார்ந்துவிட்ட எதிரணி நண்பர்களே, அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

தாமதமாக வந்து பின்வரிசையில் உட்கார்ந்தவர்களுக்காகத் தலைப்பை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். இண்டி கிடார் பாப், அதாவது சின்னக் கம்பெனிகள் வெளியிடுகிற கிடார் பாட்டு, கேட்கிறவனுக்கு நிறைவு தருவது புதிய குழுக்களைக் கண்டுபிடிப்பதா, எண்பதுகளில் யாரும் கண்டுகொள்ளாமல் போன குழுக்களைத் தேடி எடுப்பதா? நான் புதிய குழுக்களின் பக்கம் பேச வந்திருக்கிறேன்.

பேசுவதற்கு முன்னால் ஒரு ஒப்புதல் வாக்குமூலம். என் வீட்டு அலமாரியை யாராவது திறந்து பார்த்தால், இவன் எதிரணியில் உட்கார வேண்டிய ஆளாயிற்றே என்பார்கள். ஃபெல்ட் குழுவின் பத்து ஆல்பமும் அதில் இருக்கின்றன. லாரன்ஸ் என்ற மனிதர் பர்மிங்காமில் ஆரம்பித்து, பத்து வருஷத்தில் பத்து ஆல்பம், பத்து சிங்கிள் என்று கணக்குப் பார்த்து முடித்து, 1989இல் கடையைக் கட்டிய குழு அது. பக்கத்தில் ஸ்காட்லாந்துக் குழுக்கள், நியூசிலாந்துக் குழுக்கள், அமெரிக்காவில் நாலு பேருக்கு மட்டும் தெரிந்த குழுக்கள். இவ்வளவையும் அடுக்கி வைத்துக்கொண்டு ஏன் இந்தப் பக்கம் வந்தாய் என்று கேட்டால், அந்த அலமாரிதான் என்னை இந்தப் பக்கம் தள்ளியது.

அதில் ஒரு ஏழு அங்குல இசைத்தட்டு இருக்கிறது. 1986இல் வந்த சிங்கிள். குழுவின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் எதிரணித் தலைவர் மேடையிலேயே போனை எடுத்துத் தேட ஆரம்பித்துவிடுவார், அப்புறம் என் பேச்சை யார் கேட்பது? நாலு வருஷம் அலைந்து பிடித்தேன். உறை என்று தனியாக ஒன்றும் கிடையாது. ஒற்றைத் தாளை இரண்டாக மடித்து, தட்டோடு ஒரு பிளாஸ்டிக் பைக்குள் செருகியிருந்தார்கள். முன்பக்கம் ஜெராக்ஸ் எடுத்து எடுத்துக் கறுத்துப்போன ஒரு புகைப்படம். பின்பக்கம் டைப்ரைட்டரில் அடித்த நாலு வரி. கடைசி வரி ஒரு வீட்டு முகவரி. எங்களுக்கு எழுதுங்கள், பதில் வேண்டுமென்றால் தபால்தலை ஒட்டிய உறை ஒன்று வையுங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

பாட்டைக் கேட்டேன். என்ன பாட்டு! கேட்டு முடித்த கையோடு உட்கார்ந்து எழுத வேண்டும்போல் இருந்தது. யாருக்கு எழுதுவது? அந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்களோ. அந்தப் பையன்களுக்கு அறுபது வயது ஆகியிருக்கும். 1986இல் தினமும் காலையில் தபால்காரர் வருகிறாரா என்று ஜன்னல் வழியே பார்த்திருப்பார்கள் அல்லவா, அப்போது எழுதியிருக்க வேண்டிய கடிதம் அது. அன்றைக்கு ராத்திரி அந்தத் தாளை மடித்துத் திரும்பப் பைக்குள் வைக்கும்போது மனசு என்னவோ செய்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று சொல்வார்களே, அதை நான் ஏழு அங்குல அளவில் செய்துகொண்டிருக்கிறேன் என்று தோன்றியது.

சரி, எதிரணிக்கு வருகிறேன்.

எதிரணித் தலைவர் அண்ணன் அருமையாக ஒன்று சொன்னார். காலம் ஒரு சல்லடை, நாற்பது வருஷம் சலித்து மணியை மட்டும் கையில் கொடுத்திருக்கிறது, புதுசில் நூறு கேட்டால் ஒன்று தேறுமா என்றார். எல்லோரும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். தட்டி முடித்த பிறகுதான் யோசித்தேன், அந்தச் சல்லடையைப் பிடித்திருந்தது யாருடைய கை?

எதிரணிக்கு வேதம் மாதிரியான ஒரு கேசட்டையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் என்எம்இ என்ற இசை வார இதழ், ரஃப் டிரேட் என்ற லேபிளோடு, அதாவது இசைத்தட்டு வெளியிடும் கம்பெனியோடு சேர்ந்து 1986இல் சி86 என்று ஒரு கேசட் போட்டது. இருபத்திரண்டு குழு, ஆளுக்கு ஒரு பாட்டு. இன்றைக்கு சி86 என்று சொன்னவுடன் என்ன ஞாபகம் வருகிறது? கிணுகிணுவென்று கிடார், கூச்சப்பட்டுப் பாடும் குரல், பிரைமல் ஸ்க்ரீம் குழுவின் ஒன்றரை நிமிஷத்துக்கும் குறைவான அந்த முதல் பாட்டு. அதை ஒரு தனி இசைவகையின் பெயராகவே ஆக்கிவிட்டார்கள். ஆனால் கேசட்டை முழுசாக ஓடவிட்டுப் பாருங்கள். ஸ்டம்ப், பாக்ஷெட், பிக் ஃபிளேம் என்று சில குழுக்கள் வரும். கிடாரைக் கோணல்மாணலாக வெட்டுவார்கள்; தாளம் நடக்கும்போதே காலை இடறிவிடுவார்கள்; பாட்டு உங்களைப் பார்த்து முறைக்கும். அவர்களும் அதே கேசட்டில்தான் இருந்தார்கள். இப்போது யார் அவர்களைப் பற்றிப் பேசுகிறோம்? நல்ல குழு, கெட்ட குழு என்று பார்த்து யாரும் அவர்களைத் தள்ளவில்லை. பின்னால் வந்த நாம் வரைந்த அழகான படத்துக்குள் அவர்கள் அடங்கவில்லை, அவ்வளவுதான். சலித்தது காலம் என்கிறார் அண்ணன். சலித்தது நம்முடைய ஏக்கம்.

இதில் ஒரு வேடிக்கை வேறு. செர்ரி ரெட் லேபிள் 2014இல் அந்தக் கேசட்டைப் பெரிதாக்கி மூன்று சிடியாகப் போட்டது. நன்றாகப் போயிற்று. உடனே 2016இல் சி87 வந்தது. அடுத்த வருஷம் சி88. அதற்கடுத்த வருஷம் சி89. ஐயா, 1987இல் சி87 என்று அந்த இதழ் ஒரு கேசட்டும் போடவில்லை. இல்லாத கேசட்டின் மறுபதிப்பை முப்பது வருஷம் கழித்து வாங்கியிருக்கிறோம். நல்ல பாட்டுகள்தான், குறை சொல்லவில்லை, என் அலமாரியிலும் இருக்கிறது. ஆனால் பழமையை மீட்டோம் என்று மட்டும் மார்தட்டாதீர்கள். அதில் பாதியை இப்போதுதான் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்து சகோதரி பேசினார். இன்றைய குழுக்கள் எண்பதுகளின் ஜெராக்ஸ், அசல் கையில் இருக்கும்போது நகல் எதற்கு என்று கேட்டார். காரமான கேள்வி. பதிலுக்கு ஒரே ஒரு கிடாரைக் காட்டுகிறேன்.

பன்னிரண்டு தந்தி ரிக்கன்பேக்கர். எதிரணி உருகி உருகிச் சொன்ன அந்தக் கிணுகிணுப்பு பெரும்பாலும் இதற்குச் சேர வேண்டிய புகழ். ஆறு தந்திக்குப் பதில் ஆறு ஜோடி. மேலே இரண்டு ஜோடிகளில் இரண்டு தந்தியும் ஒரே சுருதி. மற்ற நாலு ஜோடிகளில் ஒன்று வழக்கமான சுருதி, கூட இருப்பது அதற்கு மேல்ஸ்தாயி. மற்ற கம்பெனிக் கிடார்களில் மீட்டும் விரல் முதலில் மேல்ஸ்தாயித் தந்தியைத் தொடும். ரிக்கன்பேக்கரில் வரிசையை மாற்றி வைத்திருப்பார்கள். கனத்த தந்தி முதலில், மெல்லியது அதன் பின்னால். கண் இமைக்கிற நேரம்கூட இல்லை அந்த இடைவெளி, ஆனாலும் ஒலிக்குப் பின்னால் ஒரு வெள்ளிச் சலங்கை தொற்றிக்கொண்டு வருவது அதனால்தான். சரி, இது எண்பதுகளின் சொத்தா? பேர்ட்ஸ் குழுவின் ரோஜர் மெக்குவின் 1965இலேயே இதை வைத்து உலகத்தைக் கிறங்கடித்துவிட்டார். அவரும் அதை 1964இல் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் கையில் பார்த்துவிட்டுத்தான் தேடிப் போனார். அசல் எதிலே இருக்கிறது சகோதரி? நீங்கள் கும்பிடுகிற அசலே நகலின் நகல்.

கிளாஸ்கோவுக்கு வாருங்கள். ஆரஞ்சு ஜூஸ் குழு 1980இல் முதல் சிங்கிளைப் போடுகிறது. வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவின் கரகரப்பையும் ஷீக் குழுவின் டிஸ்கோ கிடாரையும் ஒரே பாட்டில் போட்டுக் கலக்க வேண்டும் என்பது பாடகர் எட்வின் காலின்ஸின் ஆசை. ஒத்தே வராத இரண்டு சரக்கு. அதை வெளியிட்ட போஸ்ட்கார்டு ரெக்கார்ட்ஸ், ஆலன் ஹார்ன் என்பவர் தன் குடியிருப்பிலேயே நடத்திய லேபிள். ‘இளம் ஸ்காட்லாந்தின் ஓசை’ என்று பெருமையாக ஒரு முழக்கம் வேறு. அந்த முழக்கமே அமெரிக்காவின் மோடவுன் லேபிள் வைத்திருந்த ‘இளம் அமெரிக்காவின் ஓசை’யைக் கிண்டலாகத் திருப்பிப் போட்டதுதான். அவர்களும் பழைய தட்டுகளைத் தோண்டியவர்களே. ஆனால் தோண்டியதை அலமாரியில் அடுக்கிவிட்டு உட்காரவில்லை. மறுநாள் ஒத்திகைக்குப் போனார்கள். அந்த ஒத்திகையை இன்று நடத்திக்கொண்டிருப்பவர்களைத்தான் நீங்கள் ஜெராக்ஸ் என்கிறீர்கள்.

ஆக்லாந்தில் பெத்ஸ் என்று ஒரு குழு. பல்கலைக்கழகத்தில் ஜாஸ் படித்துவிட்டு வந்தவர்கள். அந்தப் படிப்பையெல்லாம் மூன்று நிமிஷ கிடார் பாட்டுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். கோரஸில் நாலு குரலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்போதுதான் மாட்டிக்கொள்வார்கள். 2022இல் வந்த அவர்களுடைய ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு ஒரு பிரிவைப் பற்றியது. ஒருவரோடு பல வருஷம் வாழ்ந்து அவரைப் பற்றி எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறோம். பிரிந்துவிட்டால் அந்த அறிவை என்ன செய்வது, வழக்கொழிந்து போகிற ஒரு துறையில் நிபுணராக இருப்பது போல்தானே என்று கேட்கிறது பாட்டு. இதை எந்த எண்பதுகளின் அசலில் இருந்து ஜெராக்ஸ் எடுத்தார்கள்? சகோதரி பதில் சொல்ல வேண்டாம், வீட்டுக்குப் போய் ஒருமுறை கேட்டால் போதும்.

மூன்றாவதாகப் பேசிய தம்பி சின்னப் பையன், ஆனால் எதிரணியில் பலமான வாதம் அவருடையதுதான். நான் கேட்காத எல்லாமே எனக்குப் புதுசுதானே, 1983இல் பதிவானாலும் போன வாரம் பதிவானாலும் என் காதுக்கு என்ன வித்தியாசம் என்றார். காதுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை தம்பி. ஒத்துக்கொள்கிறேன். காதைத் தாண்டி யோசித்துப் பாருங்கள்.

ஃபெல்ட் குழுவுக்கு நான் என்ன ஆவேன் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் ஆக மாட்டேன். அந்தக் கதை முடிந்துவிட்டது. பத்தும் பத்தும் இருபது என்று கூட்டல்கூடப் போட்டாயிற்று. டொராண்டோவின் ஆல்வேஸ் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். 2017இல் இரண்டாவது ஆல்பம் வந்தது. அடுத்தது வரும் வரும் என்று காத்திருந்தோம். பாடகி மோலி ரேங்கின் வீட்டில் திருடன் புகுந்து, புதுப் பாட்டுகளின் மாதிரிப் பதிவுகள் இருந்த கருவியைத் தூக்கிக்கொண்டு போனான். மறுநாளே தரைத்தளத்துக்குக் கீழே இருந்த அறையில் வெள்ளம் வந்து, இசைக்கருவிகள் நனைந்து பாழாகப் பார்த்தன. அப்புறம் உலகமே பூட்டிக்கொண்டது. 2022இல் ஒருவழியாக ஆல்பம் வந்தது. ஐந்து வருஷம் காத்துக் கிடந்தவன், முதல் பாட்டில் கிடார்கள் திறந்துகொண்டு கொட்டியபோது என்ன ஆனான் என்பதை நான் சொல்ல மாட்டேன், மேடை நாகரிகம் கருதி. இருபது வருஷம் கழித்து யாராவது அந்த ஆல்பத்தை மறுபதிப்புப் போடுவார்கள். கனமான தட்டு, பளபளப்பான புத்தகம் எல்லாம் கொடுப்பார்கள். அந்த ஐந்து வருஷத்தை எந்தப் பெட்டிக்குள் வைத்துக் கொடுப்பார்கள்?

இதன் மறுபக்கம் கொஞ்சம் கசப்பானது. ஈஸ்ட் வில்லேஜ் என்று ஓர் ஆங்கிலக் குழு. தம்பிக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும், அவர் கண் விரிகிறது பாருங்கள். 1991இல் மேடையிலேயே பிரிந்தார்கள். அவர்களுடைய ஆல்பம் வெளிவந்தது 1993இல். குழு போய் இரண்டு வருஷம் கழித்துக் குழுவின் ஆல்பம்! கலிஃபோர்னியாவின் கேம் தியரி இன்னும் மோசம். எண்பதுகளில் அந்தக் குழுவின் ஸ்காட் மில்லர் எழுதிக் குவித்த ஆல்பங்கள் வருஷக்கணக்காக எங்குமே கிடைக்காமல் இருந்தன. 2013இல் அவர் காலமானார். மறுபதிப்புகள் வரிசையாக வரத் தொடங்கியது 2014இல். அந்த மறுபதிப்புகளைக் கேட்டு உருகி எழுதியவர்களில் நானும் ஒருவன். எழுதியதைப் படிக்க வேண்டியவர் இல்லை.

எல்லாக் கதையும் இப்படி முடியவில்லை, நியாயமாகச் சொல்ல வேண்டும். எஸ்ஸெக்ஸில் மார்ட்டின் நியூவெல் என்பவர் கிளீனர்ஸ் ஃப்ரம் வீனஸ் என்ற பெயரில் வீட்டிலேயே பதிவுசெய்து கேசட்டாக விற்ற பாட்டுகளை, முப்பது வருஷம் கழித்து புரூக்ளினின் கேப்சர்டு டிராக்ஸ் லேபிள் மறுபதிப்புப் போட்டது. அவர் இருக்கும்போதே நடந்தது. இந்த ஒரு புள்ளியை எதிரணிக்குத் தாராளமாகக் கொடுத்துவிடுகிறேன். ஆனால் நடுவர் ஐயா ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த லேபிள் அன்றைய புதிய குழுக்களை வெளியிட்டு வளர்ந்த லேபிள். எங்கள் அணியின் வீட்டில் சமைத்து உங்கள் பக்கம் பரிமாறியிருக்கிறார்கள்.

வாஸலின்ஸ் கதையும் அதேதான். கிளாஸ்கோவின் யூஜின் கெல்லி, பிரான்சஸ் மெக்கீ சேர்ந்து நடத்திய குழு. இரண்டு சின்ன வெளியீடு, 1989இல் ஒரு ஆல்பம், அதோடு பிரிந்துவிட்டார்கள். அவர்களை உலகத்துக்குக் காட்டியது யார்? தூசி தட்டும் சேகரிப்பாளரா? அப்போது புதிதாக வந்துகொண்டிருந்த நிர்வாணா என்ற குழு, அவர்களுடைய மூன்று பாட்டை எடுத்துப் பாடியது. பழையதின் கதவைத் திறந்த சாவி புதியவன் சட்டைப்பையில் இருந்திருக்கிறது.

இன்னும் ஒரு விஷயம். நியூசிலாந்தின் ஃப்ளையிங் நன் லேபிள் 1981இல் தி கிளீன் என்ற குழுவின் முதல் சிங்கிளைப் போட்டது. எவ்வளவு மலிவாகப் பதிவுசெய்தது என்பது கேட்டாலே தெரியும். அந்த ஆர்கன் ஓசை தகர டப்பாவுக்குள் இருந்து வருவது போலிருக்கும். அது அந்த நாட்டின் விற்பனைப் பட்டியலில் முதல் இருபது பாட்டுகளுக்குள் இடம்பிடித்தது. எதிரணி இன்று கண்ணில் ஒற்றிக்கொள்கிற தட்டு. அதை 1981இல் காசு கொடுத்து வாங்கியவன் எந்த அணி? அவனுக்கு இந்தக் குழு தேறுமா, உருப்படுமா என்று எதுவும் தெரியாது. சல்லடை அவன் கையில் இல்லை. அவன் வாங்கியதால்தான் இன்று உங்களுக்கு மீட்டெடுக்க ஒரு பிரதி மிஞ்சியிருக்கிறது. பிபிசி வானொலியில் ஜான் பீல் 1967 முதல் 2004இல் காலமாகும் வரைக்கும் யாரென்றே தெரியாத குழுக்களின் பாட்டை ஒலிபரப்பினாரே, அவர் பெயரை எதிரணியில் மூன்று பேரும் மூன்று தடவை சொன்னார்கள். ஐயா, பீல் எங்கள் அணி. பெயரைப் பட்டியலில் இருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள்.

நடுவர் மணியைத் தொடுகிறார், தெரிகிறது. இன்னும் ஒரு நிமிஷம்.

ஸ்பாட்டிஃபையில் 2024இல் இருந்து ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. முந்தைய பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவையாவது ஒலிக்காத பாட்டுக்கு அதன் பதிவுக்கான பங்குத்தொகை கிடையாது. பெரிய குழுவுக்கு ஆயிரம் என்பது ஒரு கொட்டாவி விடுகிற நேரம். ஒத்திகை அறைக்கு வாடகை கட்டத் திணறுகிற குழுவுக்கு, நீங்கள் ஒரே வாரத்தில் இருபது தடவை கேட்டால் அதில் ஐம்பதில் ஒரு பங்கு நீங்கள். எண்பதுகளின் எந்தக் குழுவிடம் போய் உங்களால் இப்படி ஒரு பங்கு கேட்க முடியும்?

போன வருஷம் ஒரு புதுக் குழுவின் கேசட்டை பேண்ட்கேம்ப் இணையதளத்தில் வாங்கினேன். மொத்தமே ஐம்பது பிரதி. எனக்கு வந்தது முப்பத்தேழாவது. பேனாவால் எண் போட்டிருந்தார்கள். உள்ளே வைத்திருந்த அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டியிருக்கிறார்கள், ஒரு ஓரம் கோணல். மூன்றாவது பாட்டில் டிரம்ஸ் ஒரு இடத்தில் தடுமாறி, அடுத்த அடியில் சமாளித்துக்கொள்ளும். அதுதான் அந்தக் கேசட்டிலேயே எனக்குப் பிடித்த இடம். அதை அப்படியே எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. டிரம்ஸ் வாசித்த பெண்ணே எழுதியிருந்தார். அதை அழித்துவிட்டுத் திரும்ப வாசிக்கலாமா என்று ராத்திரி முழுக்கச் சண்டை போட்டோம், நல்ல வேளை விட்டுவிட்டோம் என்று. அடுத்த பதிவில் வேண்டுமென்றே ஒருமுறை தடுமாறட்டுமா என்றும் கேட்டிருந்தார்.

அந்தக் கேசட் இதோ என் சட்டைப்பையில் இருக்கிறது. எதிரணித் தலைவர் அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். எண்பதுகளை இவ்வளவு நேசிக்கிறவர் வீட்டில் கேசட் பிளேயர் இல்லாமலா இருக்கும்? மூன்றாவது பாட்டு, இரண்டாவது சரணம் முடிகிற இடம். கேட்டுவிட்டு எழுதுங்கள் அண்ணே, முகவரி பின்னட்டையில் இருக்கிறது. கேசட்டை மட்டும் மறக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், ஐம்பதில் ஒன்று அது.